கற்பிக்கக் கடல் கடக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கிட்டங்கி வேண்டும்: நகரத்தார் சங்கங்களுக்குத் திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், கல்வி அறக்கட்டளைகளை நடத்தி வரும் ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும்,

வணக்கம்.

நான் காரைக்குடிக்காரி. நகரத்தார் வீட்டுப் பெண் இல்லை. அப்பா கல்லுக்கட்டிப் பக்கம் தையல்கடை வைத்திருந்தார். நான் அழகப்பா கல்லூரியில் ஆங்கிலம் படித்தேன். வியட்நாமுக்குப் போய் சைகோனில் சில ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். வெளிநாட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிற நம் பகுதிப் பிள்ளைகளுக்கு, புறப்படுமுன் பழகிக்கொள்ள ஓர் இடமும், போய் இறங்கும் ஊரில் தெரிந்த முகம் ஒன்றும் கிடைக்கும்படி ஓர் ஏற்பாடு செய்யுங்கள். அரசாங்கத்திடம் கேட்காமல் உங்களிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. புது ஊருக்குப் போகிறவனை எப்படி அனுப்புவது, எப்படி வரவேற்பது, எப்படித் தொழில் பழக்குவது என்பதை நூறு ஆண்டுகளுக்கு மேல் செய்து காட்டியவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்கள்.

அப்பா கடைக்குச் சட்டை தைக்க வரும் பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ரங்கூன் மொகல் தெரு, சிங்கப்பூர் மார்க்கெட் தெரு, பினாங்கு, கொழும்புச் செட்டியார் தெரு என்று கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன இடமெல்லாம் கிட்டங்கி இருந்ததாம். நீளமான ஒரே கூடம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஓர் அலமாரி, உட்கார ஒரு பாய். பகலில் அங்கேயே கொடுக்கல் வாங்கல், ராத்திரி அங்கேயே படுக்கை. சமையலுக்கு ஊரிலிருந்தே ஆள். மீசை முளைக்காத வயதில் கப்பலேறிய பையன் நேராக அங்கேதான் போய் இறங்குவான். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து எடுபிடி வேலை செய்வான். பேரேடு எழுதப் பழகுவான். அந்த ஊர்ப் பேச்சைக் காதால் கேட்டே கற்றுக்கொள்வான். அப்புறம் அடுத்தாள் ஆகி, ஒரு நாள் மேலாளும் ஆவான். சம்பளம் என்ன, எத்தனை ஆண்டு, எப்போது ஊர் திரும்பலாம் என்பதெல்லாம் புறப்படுமுன்பே சம்பளச்சீட்டில் எழுதியாகிவிடும். மூன்று ஆண்டு ஒரு கணக்கு. போகிற ஊரில் தெண்டாயுதபாணிக்கும் ஒரு கோயில் இருக்கும். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859இல் வந்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் கீழ்ப்பர்மா நெல் நிலங்களில் ஏறத்தாழ கால்பங்கு நகரத்தார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்து சேர்ந்ததும், அதனால் அந்த மண்ணில் எழுந்த கசப்பும், 1942இல் ஜப்பான் படையெடுப்புக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர்கள் பட்ட பாடும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கிட்டங்கியில் பெண்ணுக்கு இடமும் இல்லை. ஆச்சிமார்கள் ஊரில் வளவு வீட்டில் இருந்துகொண்டு மூன்று மூன்று ஆண்டுகளாக வீட்டைத் தாங்கினார்கள். இதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறேன். ஆனாலும் ஊர் பேர் தெரியாத இடத்துக்குப் போகும் ஒரு சின்னப் பையனைத் தனியாக விடக்கூடாது என்ற ஒரு அக்கறை அந்த ஏற்பாட்டில் இருந்தது. அந்த அக்கறைதான் இன்றைக்கு வேண்டும்.

இப்போது போகிறவர்கள் தனியாகத்தான் போகிறார்கள். நான் ஊருக்கு வந்த செய்தி பரவியதிலிருந்து சாயங்காலமானால் யாராவது வீட்டு வாசலில் நிற்கிறார்கள். பெரும்பாலும் பி.ஏ. ஆங்கிலமோ பி.எட்.டோ முடித்தவர்கள், அதிலும் பெண்கள்தான் கூடுதல். தனியார் பள்ளியில் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் வாங்கிக்கொண்டு வகுப்பு, நோட்டுத் திருத்தம், வேன் டூட்டி என்று ஓடுகிறவர்கள். செக்காலைப் பக்கத்துப் பையன் ஒருவன் போனில் வந்த செய்தியைக் காட்டினான். தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை, ஏதாவது ஒரு டிகிரி போதும், சான்றிதழ் தேவையில்லை, டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம், சீட்டு உறுதி செய்ய இன்றே பணம் கட்டுங்கள். பள்ளியின் பெயர் எங்கேயும் இல்லை. "அக்கா, இது நிஜமா?" என்று கேட்டான். அவன் கேட்டான். கேட்காமல் கட்டியவர்கள் எத்தனை பேரோ.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மர் எல்லைக்குள் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டுக் கிடந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை மீட்டுக்கொண்டுவர அரசு எவ்வளவு பாடுபட்டது என்பதைச் செய்தியில் பார்த்தோம். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதைதான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பத்தாவது தேறியவருக்குக் குடியேற்றச் சோதனை தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைத்துவிடுகிறது. கட்டட வேலைக்கு வளைகுடா போகிற படிக்காத தொழிலாளியின் ஒப்பந்தத்தையாவது ஓர் அதிகாரி பார்க்கிறார். பட்டதாரி ஆசிரியை எந்த அலுவலகத்தின் கண்ணிலும் படாமல் விமானம் ஏறிவிடலாம். படித்தவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்று சட்டம் நினைக்கிறது போலும். 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் பதிவு செய்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் வரம்பு உண்டு, 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. என்னைத் தேடி வந்தவர்களில் இது முன்கூட்டித் தெரிந்திருந்தவர் ஒருவர்கூட இல்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். என்னை அனுப்பிய முகவர் சொன்னது பள்ளிக்கூட வேலை, மாதச் சம்பளம். போய்ச் சேர்ந்த பிறகு கையில் கிடைத்தது ஒரு பயிற்சி மையத்தில் மணிக்கு இவ்வளவு என்று கூலி. வேலை நாளில் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் வகுப்பு, சனி ஞாயிறு முழுநாள். வகுப்பு இல்லாத நாளுக்குக் காசு இல்லை. அவர்களுடைய புத்தாண்டான தெத் வந்தால் ஊரே இரண்டு வாரம் அடைத்துவிடும், அந்த இரண்டு வாரமும் வருமானம் கிடையாது, வாடகை மட்டும் உண்டு. இதில் ஒரு வரிகூடப் புறப்படுமுன் எனக்கு யாரும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் வியட்நாமிய மொழியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இரண்டில் எது செல்லும் என்பதும் அந்தக் காகிதத்திலேயே ஒரு மூலையில் இருந்தது. நம் பக்கத்துப் பழைய சம்பளச்சீட்டைப் படித்து வளர்ந்த ஒரு பெரியவர் அதை ஒரு முறை பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

வேலை அனுமதிச் சீட்டுக்குப் பட்டம் வேண்டும், மொழி கற்பிக்கும் சான்றிதழ் வேண்டும், போலீஸ் சான்று வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டு பாஸ்போர்ட் இல்லாதவர் மொழித் தேர்ச்சிச் சான்றும் காட்ட வேண்டும். பட்டச் சான்றிதழுக்கு வெளியுறவுத்துறையின் முத்திரையும் தூதரகத்தின் முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் நான் போனேன். இங்கேயே செய்தால் சில வாரத்து வேலை. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு கூரியரில் அனுப்பி வாங்குவதானால் பணமும் போகும், விசா நாளும் கரையும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அங்கே ஒரே வகுப்புக்கு ஒரே பாடத்துக்கு, பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் மாறும், முகத்தைப் பார்த்தும் மாறும். விளம்பரத்திலேயே வெளிப்படையாகப் போடுவார்கள். பெற்றோர் வந்து வெள்ளைக்கார ஆசிரியர் இல்லையா என்று கேட்பார்கள். முதல் தடவை கேட்கும்போது வலிக்கும். ஆனால் மூன்று மாதம் கழித்துத் தன் பிள்ளை வீட்டில் வாய் திறந்து பேசுவதைப் பார்த்தபின் அதே தாய்மார் தங்கையின் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவதையும் பார்த்திருக்கிறேன். போகிறவர்களுக்கு இந்த இரண்டுமே முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றாட வாழ்க்கை என்று பார்த்தால் நமக்கு அவ்வளவு அந்நியமான ஊர் இல்லை அது. அரிசிச் சோறு, வாழையிலை, புளி, தேங்காய், மூத்தவரை உறவுமுறை சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எல்லாம் உண்டு. சந்தையில் நம் கவுனி அரிசி மாதிரியே கறுப்பு ஒட்டரிசி மூட்டையில் குவித்து வைத்திருப்பார்கள். உங்கள் விருந்துகளில் இனிப்பாக வைக்கிற கவுனியும் பர்மாவிலிருந்து நம் ஊருக்கு வந்தது என்றுதானே சொல்வார்கள். மீன் சாறு ஊற்றாத சாப்பாடு தேடுவதுதான் சைவக்காரர்களுக்குச் சிரமம். ஆனால் சந்திரக் கணக்கில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கேயே நிறையப் பேர் சைவம் சாப்பிடுவார்கள், அதற்கென்று கடைகள் இருக்கின்றன. 'சாய்' (Chay) என்று எழுதிய பலகையைத் தேடினால் போதும். இருபதாயிரம் டோங் நோட்டும் ஐந்து லட்சம் டோங் நோட்டும் இரண்டுமே நீலம். ராத்திரி வகுப்பு முடிந்து மங்கலான வெளிச்சத்தில் டாக்ஸி பைக்குக்குக் காசு கொடுக்கும்போது புதிதாய்ப் போனவர் நிச்சயம் திணறுவார். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்தால் முதல் மாதம் எவ்வளவு லேசாகக் கழியும்!

தெத் சமயத்தில் கடைகள் எல்லாம் மூடி, அறைத்தோழிகள் சொந்த ஊர் போய், தெருவே வெறிச்சோடிக் கிடந்தபோது, கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா மாடி ஏறி வந்து வாழையிலையில் சுற்றி அவித்த பான் தெத் என்ற ஒட்டரிசிப் பண்டம் இரண்டு கொடுத்தார். வழக்கமாகப் பன்றிக்கறி வைப்பார்கள். நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்து வாழைப்பழம் வைத்துச் செய்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு அவர் பேச்சு அப்போது பாதிதான் புரியும். இலையை எப்படிப் பிரிப்பது என்று நூலைப் பிடித்துக் காட்டிவிட்டுப் போனார். எனக்கு அவர் வாய்த்தார். வாய்க்காதவர்கள் அந்த இரண்டு வாரத்தையும் பாக்கெட் நூடுல்ஸ் தின்று, அழுது, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்துக் கழிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் முன்னோர் கட்டிய கோயில்கள் இன்றும் சைகோனில் இருக்கின்றன. தோன் தாத் தியெப் தெருவில் தெண்டாயுதபாணி, பென் தான் சந்தைக்குக் கொஞ்ச தூரத்தில் மாரியம்மன். 1975க்குப் பிறகு நகரத்தார் குடும்பங்கள் ஏறக்குறைய எல்லாமே அங்கிருந்து வந்துவிட்டன. ஆனாலும் மாரியம்மனுக்குக் கூட்டம் குறையவில்லை, வருகிறவர்கள் வியட்நாம்காரர்களும் சீனர்களும். பூவும் ஊதுபத்தியும் கொண்டுவந்து, பின்சுவரில் கைவைத்து நின்று, முணுமுணுவென்று வேண்டிக்கொண்டு போவார்கள். நம் ஊர்க்காரர் ஒருவர் நூற்றாண்டுக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போன அம்மனை அந்த ஊர் தன்னுடையவளாக்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோயில் வாசலில் புதிதாக வந்த ஒரு காரைக்குடிப் பெண்ணுக்கு வழி சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்து வகுப்பறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கவலையில் பெரிய பங்கு இதுதான்.

நம் பிள்ளைகள் ஆங்கிலம் படித்திருக்கிறார்கள், ஆங்கிலம் கற்பிக்கப் பழகவில்லை. கல்லூரியில் கவிதையும் நாடகமும் இலக்கணமும் படித்துத் தேர்வு எழுதுகிறோம். ஆறு வயதுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரை முன்னால் உட்கார வைத்து, அவர்கள் மொழியில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் இழுத்துக்கொண்டு போவது வேறு கலை. ஆன்லைனில் வாங்குகிற நூற்றிருபது மணிநேரச் சான்றிதழ்களில் பலவற்றில் ஒரு உயிருள்ள பிள்ளையைக்கூடப் பார்க்காமல் தேறிவிடலாம். செல்டா என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் பயிற்சி போன்ற தரமான படிப்பிலோ ஆறு மணிநேரமாவது நிஜ வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அந்த ஆறு மணிநேரம்தான் ஆளை மாற்றுகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வியட்நாம் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்கள். ரைஸ் என்று எழுதினாலும் ரைட் என்று எழுதினாலும் எல்லாம் 'ராய்' என்றுதான் வெளியே வரும். அவர்கள் மொழியில் சொல்லின் கடைசியில் வரும் மெய்கள் சில மட்டும், அதையும் வாய்க்குள்ளேயே நிறுத்திவிடுவார்கள். நம் பிள்ளைகள் இதற்கு நேர் எதிர். கடைசி மெய்யோடு ஒரு உகரத்தை ஒட்டிவிடுவார்கள், பஸ்ஸு, புக்கு, டெஸ்க்கு. ஆனால் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சங்கடம். 'பின்' என்று குண்டூசிக்கும் 'பின்' என்று குப்பைத்தொட்டிக்கும் ஆங்கிலத்தில் இரண்டு வேறு ஒலிகள். குண்டூசியின் பகரத்தில் உதட்டிலிருந்து ஒரு காற்று வெடித்து வர வேண்டும். தமிழ்ப் பகரத்திலும் அந்தக் காற்று கிடையாது, வியட்நாமியப் பகரத்திலும் கிடையாது.

இதற்கு விளக்கம் சொல்லிப் பயன் இல்லை. ஒரு விரற்கடை அகலத்தில் காகிதத்தைக் கிழித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்து, உதட்டுக்கு முன்னால் தொங்கவிடச் சொல்வேன். குண்டூசி சொன்னால் காகிதம் துள்ளும். குப்பைத்தொட்டி சொன்னால் அசையாமல் நிற்கும். வகுப்பு முழுக்கக் காகிதம் துள்ளும், சிரிப்பு துள்ளும், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஊருக்கு வந்தபின் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தேன், அப்படியே பலித்தது. ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி, "டீச்சர், எட்டு வருஷமா இங்கிலீஷ் படிக்கிறேன், இதை யாரும் சொல்லவே இல்ல" என்றாள்.

இன்னொன்று, 'புரிந்ததா?' என்று கேட்பது. வியட்நாமிலும் சரி, நம் ஊரிலும் சரி, ஆசிரியர் அப்படிக் கேட்டால் வகுப்பு மொத்தமும் ஆமாம் என்று சொல்லும். ஆசிரியரை வருத்தப்படுத்தக் கூடாது என்ற மரியாதை அது. நவம்பர் 20 அங்கே ஆசிரியர் தினம். மேஜை தெரியாத அளவுக்குப் பூங்கொத்துகளைக் கொண்டுவந்து குவிக்கிற பிள்ளைகள் உங்கள் முகத்துக்கு நேரே புரியவில்லை என்று சொல்வார்களா? ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். 'என் தாத்தா முன்பு ரங்கூனில் இருந்தார்' என்ற வாக்கியத்தைக் கற்பித்தால், 'தாத்தா இப்போது ரங்கூனில் இருக்கிறாரா?' என்று கேட்க வேண்டும். தலையாட்டலிலேயே யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்தால் சின்ன விஷயமாகத் தோன்றும். கையில் வருவதற்கு நிறைய வகுப்புகள் எடுத்துப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைச் சம்பளம் கொடுக்கிறவர் கண்முன்னால், அந்நிய ஊரில், பயந்துகொண்டே பெறுவதைவிட, நம் ஊரில் நம் பிள்ளைகள் நடுவில் பெறுவது எவ்வளவோ மேல்.

அதனால் நான் கேட்பது இதுதான். காரைக்குடியிலோ, கோட்டையூரிலோ, தேவகோட்டையிலோ பூட்டிக் கிடக்கும் உங்கள் வீடுகளில் ஒன்றைத் திறந்துவிடுங்கள். வீடு முழுக்க வேண்டாம், முகப்பும் பட்டாலைக் கூடமும் போதும். சனி ஞாயிறுகளில் பக்கத்து மாநகராட்சிப் பள்ளி, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே வரட்டும். வெளிநாடு போக விரும்புகிறவர்கள் அவர்களுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கட்டும். பின்னால் பாயில் உட்கார்ந்து, போய்த் திரும்பிய என்னைப் போன்றவர்கள் அடுத்தாளாக இருந்து பார்ப்போம். வகுப்பு முடிந்தபின் எது சரி, எது சரியில்லை என்று பேசுவோம். நாற்பது மணிநேரம் இப்படி எடுத்தவருக்கே உங்கள் உதவி என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு போகிறவர் தேறிப் போவார். போகாமல் இங்கேயே இருந்துவிட்டாலும் நம் பள்ளிகளுக்கு நல்ல ஆசிரியர் கிடைப்பார். பிள்ளைகளுக்கு எப்படியும் லாபம்.

ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகளும் வக்கீல்களும் உங்கள் சங்கங்களில் நிறைய இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் இரண்டு மணிநேரம் உட்கார்ந்தால் போதும். முகவர் பதிவு பெற்றவரா, வேலை கொடுக்கிற பள்ளி உண்மையில் இருக்கிறதா, எந்த விசா, மணிக்கூலியா மாதச் சம்பளமா, விடுமுறைக்குக் காசு உண்டா, பாஸ்போர்ட்டை யாராவது கையில் வைத்துக்கொள்வார்களா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். சான்றிதழ் படிப்புக்கும் முத்திரைச் செலவுக்கும் நன்கொடை கேட்கவில்லை. வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள், முதல் ஆண்டுச் சம்பளத்திலிருந்து தவணையில் திருப்பித் தரட்டும். கணக்கு எழுதி வைக்க உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அந்தப் பக்கத்துக்கும் ஒன்று வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உங்கள் குடும்பங்கள் இருக்கின்றன. பாங்காக்கிலும் சைகோனிலும் தொழில் நிமித்தம் நம் பகுதிக்காரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று பேர் முன்வந்தால் ஒரு பட்டியல் ஆகிவிடும். புதிதாக வருகிறவரை விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்து, முதல் வாரம் ஓர் அறை காட்டி, போலீஸில் தங்குமிடப் பதிவு ஆகிவிட்டதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொல்ல ஒரு ஆள். அவ்வளவுதான். காசியில் நகரச் சத்திரத்தை இத்தனை தலைமுறையாக நடத்துகிறவர்களுக்கு இது பெரிய காரியமா? புறப்படுகிறவர்களில் பெண்கள் அதிகம் என்பதால் அந்தப் பட்டியலில் பெண்கள் பெயரும் அவசியம் இருக்க வேண்டும். இந்த இடத்தில் ஆச்சிமார்கள் முன்னால் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இந்த ஏற்பாடு நகரத்தார் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. இதைக் கேட்க எனக்குத் தயக்கமே இல்லை. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவர். 1947இல் இந்த ஊரில் கல்லூரி தொடங்கினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கே கொண்டுவந்தார், 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். வாசலில் நின்று யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு உள்ளே விடும் கல்லூரியாக அதை அவர் நடத்தவில்லை. அப்படி நடத்தியிருந்தால் தையல்காரர் மகள் ஆங்கிலம் படித்திருக்க மாட்டாள். ஆத்தங்குடியில் கல் பதிக்கிறவர் மகளும், புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர் மகனும், உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளும் அந்தப் பட்டாலையில் ஒன்றாக உட்கார்ந்து பழகட்டும்.

உங்களில் சிலர், பிள்ளைகள் ஏன் வெளியே போக வேண்டும், இங்கேயே இருக்கட்டுமே என்று நினைக்கலாம். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் தம்பி படிப்பையும் அம்மாவின் மருந்தையும் பார்க்கிற பெண்ணிடம் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் போகத்தான் போகிறாள். தெரிந்து போகிறாளா, தெரியாமல் போகிறாளா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

கற்பிக்கப் போகிறவர்களுக்கு அந்த ஊர் மனிதர்கள் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு வந்தே இதை எழுதுகிறேன். என்னிடம் படித்த ஒரு பையன், மீகாங் கழிமுகத்து விவசாயி மகன், இப்போது கப்பல் கம்பெனி ஒன்றில் வேலையில் இருக்கிறான். மாதம் ஒரு முறையாவது ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எனக்குச் செய்தி அனுப்புகிறான். சென்ற வாரம் அனுப்பியதில், உங்கள் ஊரிலிருந்து வேறு ஆசிரியர்கள் வருகிறார்களா, வந்தால் சொல்லுங்கள், நான் போய் அழைத்து வருகிறேன் என்று எழுதியிருந்தான். பட்டியலில் முதல் பெயராக அவனுடையதை எழுதிக்கொள்ளலாம்.

வருகிற ஜூனில் பள்ளி திறக்குமுன் இதைத் தொடங்கிவிட்டால் நல்லது. கோடை விடுமுறையில்தான் முகவர்களின் விளம்பரங்களும் அதிகம் வரும். உங்கள் சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் எனக்கு அரைமணி நேரம் கொடுங்கள், நேரில் வந்து சொல்கிறேன். போக விரும்பி என்னிடம் பெயர் கொடுத்தவர்களையும் அழைத்து வருகிறேன், அவர்களிடமே நீங்கள் கேட்கலாம். சனி ஞாயிறு வகுப்புகளை மேற்பார்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன், அதற்குச் சம்பளம் வேண்டாம். எந்த வீடு, சாவி யாரிடம் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மிகுந்த மரியாதையுடன்,
காரைக்குடியிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை